மரம் குன்றுக்குள்ள காணாம போற படம்: டோனும் ஃப்ரேமிங்கும் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதுல வர்றவங்க தொழில்முறை போட்டோகிராஃபர் கிடையாது. ஷிஃப்ட் வேலை பாக்கறவங்க, லீவு நாள்லயும் நைட் ஷிஃப்ட் முடிஞ்ச காலைலயும் வீட்ட சுத்தி இருக்கற நிலத்த படம் எடுக்கறவங்க. கேமராவ கையாள்றதுல ஒரு குறையும் சொல்ல முடியாது, அப்பர்ச்சர் ஷட்டர் ஐஎஸ்ஓ எல்லாம் விரல் நுனில இருக்கு, எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் எல்லா ஸ்லைடரும் பழக்கம். பேரும் ஊரும் போட வேண்டாம், மத்தபடி நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்கன்னு சம்மதம் குடுத்தாங்க, அதனால அவங்கள இங்க "அவங்க"ன்னு மட்டும்தான் சொல்றேன்.

எடுக்கற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான். ஒரு ஏரி, கரையில தனியா நிக்கற ஒரு பெரிய மரம், அதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு செம்மண் குன்று. அங்க போய் நின்னா யாருக்கும் படம் எடுக்கத் தோணும், அப்படி ஒரு இடம். ஆனா அவங்க எங்கிட்ட வந்தப்ப சொன்னது இதுதான்: "அங்க நின்னு பாக்கறப்ப மரம்தான் கண்ணுல நிக்குது சார், வீட்டுக்கு வந்து படத்த பாத்தா மரம் இருக்கு ஆனா இல்ல." இதுக்குத் தீர்வா நிறைய பண்ணிப் பாத்துட்டாங்க, கான்ட்ராஸ்ட் ஏத்தி, கிளாரிட்டி ஏத்தி, சேச்சுரேஷன் ஏத்தி, எச்டிஆர் போட்டு, ஒவ்வொண்ணும் படத்த இன்னும் சத்தமாக்குச்சே தவிர மரம் முன்னாடி வரல. அடுத்ததா ஒரு புது லென்ஸ் வாங்கலாமான்னு கேக்கத்தான் வந்தாங்க.

முதல்ல பாத்தது

படங்கள மொத்தமா வரிசையா வெச்சுப் பாத்தோம். ஒண்ணு ஒண்ணா பாக்கறப்ப தெரியாத சில விஷயம் அப்படிப் பாத்தா உடனே தெரியும். மூணு விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு.

மரம் எல்லா படத்துலயும் மூணுல ஒரு பங்கு கோட்டுல, அதாவது ஃப்ரேம மூணு சம பாகமா பிரிக்கற கோட்டுல, கச்சிதமா உக்காந்திருந்துச்சு. அந்த விதி தப்பில்ல, ஜான் தாமஸ் ஸ்மித்துங்கற ஆங்கில ஓவியர் 1797லயே அத எழுதி வெச்சிருக்கார், ஆனா அவர் அங்க பேசறது வெறும் கோடு பத்தி மட்டும் இல்ல, ஒரு படத்துல வெளிச்சமும் இருட்டும் எந்த அளவுல பிரியணுங்கறதுக்கும் சேர்த்துதான். இந்தப் பாதிய இப்ப பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல, கேமரா ஸ்க்ரீன்ல கட்டம் வருது, அந்தக் கட்டத்துல பொருள வெச்சா முடிஞ்சுதுன்னு ஆயிடுச்சு.

ரெண்டாவது, எல்லா படத்துலயும் சூரியன் எடுக்கறவங்க முதுகுக்குப் பின்னாடி. ஆரம்பத்துல கத்துக்கறப்ப எல்லாருக்கும் சொல்ற அறிவுரை இது, அவங்க அத விடாம புடிச்சிருந்தாங்க. மூணாவது, எல்லாமே ரோட்டு ஓரத்துல ஒரே இடத்துல நின்னு ஜூம் பண்ணி எடுத்தது, ஏன்னா அங்கதான் வண்டி நிறுத்த வசதி.

அப்புறம் ஒரு படத்த எடுத்து கலர முழுசா எடுத்துட்டு வெறும் கருப்பு வெள்ளையா மாத்திக் காட்டினேன், வேற எந்த மாத்தமும் பண்ணல. மரம் குன்றுக்குள்ள அப்படியே கரைஞ்சு போச்சு. இலை எங்க முடியுது குன்று எங்க ஆரம்பிக்குதுன்னு ஓரத்த விரல் வெச்சு தேட வேண்டி இருந்துச்சு. கொஞ்ச நேரம் அவங்க எதுவும் பேசல, அப்புறம் மத்த படங்களையும் ஒவ்வொண்ணா அவங்களே மாத்திப் பாத்தாங்க, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் அதே கதைதான்.

ஏன் அப்படி ஆச்சு

பச்சை மரம், செம்மண் குன்று. நிறத்துல ரெண்டும் எதிரெதிர், அதனால நேர்ல பாக்கறப்ப பளிச்சுன்னு பிரிஞ்சு தெரியும், அதுலயும் நம்ம கண்ணு ரெண்டு, மரம் பக்கத்துல இருக்கு குன்று தூரத்துல இருக்குன்னு மூளைக்கு ஏற்கனவே தெரியும், நாம நகர்றப்ப மரம் நகருது குன்று நகரல. படத்துல இந்த வசதி ஒண்ணும் கிடையாது, ஒரே தட்டையான பரப்பு. அங்க ஒரு பொருள இன்னொண்ணுல இருந்து பிரிச்சுக் காட்டறதுல பெரும் வேலை செய்யறது டோன்தான், அதாவது எது எவ்வளவு வெளிச்சம் எது எவ்வளவு இருட்டுங்கறது. கண்ணுக்கு வெளிச்சமா தெரியறதுல பச்சை சிவப்பு நீலம் மூணுக்கும் சம பங்கு இல்ல, டிஸ்ப்ளேக்கான கணக்குல பச்சைக்கு சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. நிறம் வேற வேறயா இருந்தாலும் இந்தக் கணக்குல ரெண்டு பொருளும் ஒரே அளவுக்கு வந்துட்டா படத்துல ஒட்டிக்கும். இங்க நடந்தது அதுதான், அதுலயும் சூரியன் பின்னாடி இருக்கறதால மரத்து மேலயும் குன்று மேலயும் ஒரே மாதிரி நேர் வெளிச்சம், நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருச்சு, உருண்டு திரண்டு இருக்கற மரம்கூட அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி ஆயிடுச்சு.

ஸ்லைடர் ஏத்தினது ஏன் உதவலன்னும் இதுலயே பதில் இருக்கு. கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் வெளிச்சமானத இன்னும் வெளிச்சமாக்கும் இருட்டானத இன்னும் இருட்டாக்கும், ஒரே டோன்ல இருக்கற ரெண்டையும் ஒண்ணாத்தான் நகர்த்தும், ஒண்ண விட்டு ஒண்ணப் பிரிக்காது. கிளாரிட்டிய ஏத்தினா ஓரத்துல மட்டும் ஒரு வெள்ளை விளிம்பு வரும், அவங்க படங்கள்ல மரத்த சுத்தி அந்த விளிம்பு நல்லாவே தெரிஞ்சுது.

என் பார்வைல இங்க அடிப்படைச் சிக்கல் ஒண்ணுதான். ஃப்ரேமிங்க ஏரிக்கரைல முடிவு பண்ணாங்க, டோன வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல முடிவு பண்ணாங்க. ரெண்டும் ஒரே முடிவு. எந்த இருட்டு எந்த வெளிச்சத்துக்குப் பக்கத்துல வரணும்னு தீர்மானிக்கறதுதான் காம்போசிஷன், கோடும் கட்டமும் அதுக்கு அப்புறம்.

எடுத்த முடிவுகள்

லென்ஸ் வாங்கறத தள்ளிப் போட்டோம். சிக்கல் லென்ஸ்ல இல்லங்கறப்ப செலவு பண்றதுல அர்த்தம் இல்ல, அது மட்டும் இல்லாம புது லென்ஸ் வந்தா கொஞ்ச நாளைக்கு எல்லாமே புதுசா தெரியும், எது மாறுச்சு எது மாறலன்னு பிரிச்சுப் பாக்க முடியாம போயிடும்.

இடத்த மாத்தல. ஏரி, மரம், குன்று அதேதான். இடம் மாறினா படம் நல்லா வந்தது இடத்தாலயா வெளிச்சத்தாலயா நின்ன இடத்தாலயான்னு சொல்ல முடியாது. கேமராவ மோனோக்ரோம் ஸ்டைல்ல வெச்சு ரா ஃபைல்ல (சென்சார் பதிச்சத அப்படியே வெச்சிருக்கற ஃபைல்) எடுக்கச் சொன்னேன், இதுல ஸ்க்ரீன்ல கருப்பு வெள்ளையா தெரியும் ஆனா ராவுல கலர் முழுசா பத்திரமா இருக்கும், எதையும் இழக்க வேண்டியதில்ல. ஒரு ஃபிக்ஸட் ஃபோகல் லெங்க்த், ஜூம் வளையத்துல டேப் ஒட்டியாச்சு.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. ஷட்டர அமுக்கறதுக்கு முன்னாடி கண்ண பாதி மூடிப் பாத்து, தீப்பெட்டி அளவு ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள வெள்ளை, நடுச் சாம்பல், கருப்பு மூணே மூணு டோன்ல மட்டும் அந்தக் காட்சிய பென்சில்ல தீட்டணும். வரையத் தெரியாதேன்னு தயங்கினாங்க. படம் அழகா வரவேண்டிய அவசியமே இல்ல, மூணு திட்டு எங்கெங்க உக்காருதுன்னு தெரிஞ்சா போதும், மரத்துக்கும் குன்றுக்கும் ஒரே பென்சில் அழுத்தம்தான் வருதுன்னா ஷட்டர அமுக்காம இடத்தையோ நேரத்தையோ மாத்தணும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஏரிக்கரைல நடந்தது

ஆரம்பத்துல நோட்டுல வெறும் சாம்பல் திட்டாத்தான் வந்துச்சு, அதுவே ஒரு தகவல்தான். ரோட்டு ஓரத்துல இருந்து எப்படிப் பாத்தாலும் மரத்தோட உச்சி குன்றோட உச்சிக்கு கீழயேதான் நிக்கும், மொத்த மரமும் குன்றுக்குள்ள அடங்கிடும். அவங்க இத்தன நாளும் ஜூம் பண்ணித்தான் மரத்த பெருசாக்கினாங்க, ஆனா ஜூம் மரத்தையும் குன்றையும் ஒரே விகிதத்துல பெருசாக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற உறவு இம்மி கூட மாறாது.

டேப் ஒட்டினதுக்கு அப்புறம் பெருசாக்கணும்னா நடந்துதான் ஆகணும். மரத்துக்கு இருந்த தூரத்துல பாதி நடந்தா மரம் ஃப்ரேம்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரமாகும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற குன்று கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வளராது. மரத்தோட மேல் பாதி குன்றத் தாண்டி வானத்துக்குள்ள ஏறிடுச்சு. அப்புறம் கேமராவ முழங்கால் உயரத்துக்கு இறக்கினாங்க, மரம் இன்னும் கொஞ்சம் மேல போச்சு. கரையோட நாலு எட்டு பக்கவாட்டுல நகர்ந்ததுல குன்று சரிஞ்சு தாழற இடத்துக்கு நேரா மரம் வந்துச்சு. எந்த ஸ்லைடரும் தொடாம, வெறும் கால வெச்சு, மரம் பிரிஞ்சு வந்துடுச்சு. அன்னைக்கு நோட்டுல முதல் தடவையா மூணு டோனும் தனித்தனியா உக்காந்துது.

அடிமரம் மட்டும் இன்னும் குன்றோட ஒட்டிட்டுதான் இருந்துச்சு. அதுக்கு நடந்து பிரயோஜனம் இல்ல, வெளிச்சம் மாறணும். அதனால எதிர் கரைக்குப் போய் காலை வெயில எதிர்ல வெச்சு எடுக்கச் சொன்னேன், அதாவது சூரியன் மரத்துக்குப் பின்னாடி. இது அவங்க பழக்கத்துக்கு நேர் எதிர், முதல்ல ரொம்ப தயங்கினாங்க, லென்ஸ்ல வெயில் பட்டு ஃப்ளேர் வரும், வானம் வெளுத்துடும்னு பயம். அந்தப் பக்கம் இருந்து பாத்தா குன்றுக்குப் பதிலா தூரத்துல ஒரு மரவரிசைதான் பின்னணி, ஆனா கணக்கு ஒண்ணுதான். காலைல தண்ணி மேல ஈரப்பதம் நிறைய இருக்கும், அந்தத் துளிகள் வெளிச்சத்த பெரும்பாலும் முன்னோக்கித்தான் சிதறடிக்கும், அதனால சூரியன எதிர்ல வெச்சுப் பாக்கறப்ப பனிமூட்டம் பளபளன்னு தெரியும், முதுகுல வெச்சுப் பாத்தா அதே மூட்டம் பாதிகூடத் தெரியாது. நமக்கும் தூரத்துப் பொருளுக்கும் நடுவுல இருக்கற காத்து முழுக்க இந்த வெளிச்சம் சேர்ந்துக்கிட்டே போறதால தூரத்துல இருக்கற இருட்டெல்லாம் வெளிறி மேல வரும், பக்கத்துல இருக்கறது இருட்டாவே நிக்கும். பக்கத்து மரம் கருப்பு, தூரத்து வரிசை இளஞ்சாம்பல், மூட்டம் கிட்டத்தட்ட வெள்ளை. நோட்டுல தீட்ட வேண்டிய மூணு டோனையும் காத்தே தீட்டிக் குடுத்துடுச்சு.

ஆனா முதல்ல வந்த படங்கள்ல மூட்டம் அழுக்குச் சாம்பலா இருந்துச்சு. வெளிச்சத்த அளக்கற கேமரா மீட்டர் எதப் பாத்தாலும் அத நடுச் சாம்பலா, வழக்கமா சொல்ற 18 சதவீதம் பிரதிபலிப்பா ஆக்கத்தான் பாக்கும், வெள்ளை மூட்டத்தையும் அப்படித்தான் பண்ணுது. இங்கதான் அமெரிக்க போட்டோகிராஃபர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1939-40 வாக்குல உருவாக்கின ஜோன் சிஸ்டத்த எடுத்தோம். முழுக் கருப்புல இருந்து முழு வெள்ளை வரைக்கும் 0 முதல் 10 வரை பதினோரு படி, ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு), நடுச் சாம்பல் 5, விவரம் தெரியற நிழல் 3, விவரம் தெரியற வெளிச்சம் 7. ஃபிலிம் காலத்துல டெவலப்பிங் வரைக்கும் போற பெரிய முறை அது, நாங்க எடுத்துக்கிட்டது ஒரே ஒரு கேள்விதான்: இந்தத் திட்டு எந்தப் படியில உக்காரணும்? மூட்டம் ஆறரை வாக்குல வேணும், அப்ப மீட்டர் காட்டறத விட ஒன்றரை ஸ்டாப் கூட்டணும். கூட்டினாங்க, மூட்டம் மூட்டமா வந்துச்சு. மரம் எட்டாத இருட்டுல விழுந்துடுமோன்னு கவலைப்பட்டாங்க, கூட்டினதால மரத்து நிழலும் அதே ஒன்றரை ஸ்டாப் மேல வந்து பட்டையோட வெடிப்பு வரைக்கும் தெரிஞ்சுது.

வானமும் தண்ணியும்

மூட்டம் இல்லாத நாள்ல வானம் வெளுத்துப் போறது பெரிய தொல்லையா இருந்துச்சு. இது போட்டோகிராஃபியோட ரொம்பப் பழைய தொல்லை, 1850கள்ல படம் பதிக்க இருந்த கொலோடியன் தகடு நீலத்துக்கு அளவுக்கு மேல உணர்வா இருந்ததால வானம் எப்பவும் வெளுத்துப் போயிடும், பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ க்ரேங்கற போட்டோகிராஃபர் அப்ப கடல் காட்சிகள்ல சிலத வானத்துக்கு ஒரு நெகட்டிவ் கடலுக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்துச் சேத்துதான் ப்ரிண்ட் போட்டார். இத சொன்னது அவங்களுக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, ரெண்டு எக்ஸ்போஷர சேக்கறது ஏமாத்து வேலைன்னு ஒரு எண்ணம் இருந்துச்சு, அது போயிடுச்சு.

மேல் பாதி மட்டும் கருத்திருக்கற க்ராஜுவேட்டட் ஃபில்டர் வேண்டாம்னு முடிவு பண்ணோம், தொடுவானத்துக்கு மேல மரம் நீட்டிட்டு நிக்கறப்ப ஃபில்டரோட இருட்டு மரத்தோட உச்சியையும் சேர்த்து கருக்கிடும். ட்ரைபாட்ல வெச்சு ரெண்டு எக்ஸ்போஷர், வீட்ல கையால மாஸ்க் போட்டு சேக்கறது. அதுல ஒரு நாள் ஏதோ பொய்யா தெரியுதே ஆனா எதுன்னு தெரியலன்னு ஒரு படத்த அனுப்பினாங்க. பாத்ததும் தெரிஞ்சுது, தண்ணில தெரியற வானம் மேல இருக்கற வானத்த விட வெளிச்சமா இருந்துச்சு. இது இயற்கைல நடக்காது, தண்ணி தன் மேல விழற வெளிச்சத்துல ஒரு பங்கத்தான் திருப்பி அனுப்பும், பிம்பம் அசல விட கொஞ்சமாவது இருட்டாத்தான் இருக்கணும், காலடிக்குப் பக்கத்துல வர வர இன்னும் இருட்டாகணும் ஏன்னா நேர் கீழ பாக்கறப்ப பிரதிபலிப்பு குறையும். பாக்கறவங்களுக்கு இந்த இயற்பியல் தெரியாது, ஆனா கண்ணு வாழ்நாள் முழுக்க தண்ணியப் பாத்திருக்கு, அதுக்குத் தெரியும். தண்ணிய ஒரு ஸ்டாப் இறக்கினாங்க, படம் நிதானத்துக்கு வந்துடுச்சு.

எடிட்டிங்ல மாறினது

எடிட்டிங் நேரம் ரொம்பக் குறைஞ்சுது, இதுதான் எனக்கு முக்கியமான அறிகுறி. நோட்டுல மூணு டோன் ஏற்கனவே முடிவானதால கம்ப்யூட்டர்ல தேட ஒண்ணும் இல்ல. ராவுல இருந்து கருப்பு வெள்ளையா மாத்தறப்ப ஒவ்வொரு நிறத்தையும் தனியா ஏத்தி இறக்கலாம், இலைய வெளிச்சமாக்க அவங்க பச்சை ஸ்லைடரத் தள்ளிட்டே இருந்தாங்க, பெருசா ஒண்ணும் நடக்கல. இலையோட பச்சைல மஞ்சள் ரொம்ப அதிகம், மஞ்சள் ஸ்லைடரத் தொட்டதும் மரம் அசைஞ்சுது. வானத்த இருட்டாக்க நீலத்த அடிமட்டத்துக்கு இறக்கற பழக்கமும் இருந்துச்சு, அது வானத்துல புள்ளி புள்ளியா நாய்ஸக் கொண்டு வரும், இலைகளோட ஓரத்துல வெள்ளைக் கோடு விழும், அத பாதியோட நிறுத்திக்கச் சொன்னேன்.

ப்ரிண்ட்

ஸ்க்ரீன்ல எல்லாம் திருப்தியா வந்ததுக்கு அப்புறம் சிலத பளபளப்பில்லாத மேட் பேப்பர்ல ப்ரிண்ட் போடக் குடுத்தாங்க. எல்லாமே இருட்டா வந்துச்சு. பட்டையோட வெடிப்பு, கரையோர நாணல், நிழல்ல கிடந்த கல்லு எல்லாம் ஒரே கருப்புத் திட்டுக்குள்ள போயிடுச்சு. ப்ரிண்ட் போடறவர் அனுபவசாலி, "ஸ்க்ரீன எவ்வளவு வெளிச்சத்துல வெச்சிருக்கம்மா?"ன்னுதான் முதல் கேள்வியே கேட்டார். ஃபுல் ப்ரைட்னஸ். அதுல எடிட் பண்ணா எல்லாம் பிரகாசமா தெரியும், அதனால படத்த தானாவே இருட்டாக்கி வெச்சிருப்போம். ப்ரிண்டுக்காக வேலை பாக்கறவங்க பொதுவா சதுர மீட்டருக்கு 80ல இருந்து 120 கேண்டெலா வெளிச்ச அளவுலதான் மானிட்டர வெப்பாங்க.

இன்னொரு காரணமும் இருந்துச்சு, எடிட்டிங் சாஃப்ட்வேரோட பின்னணி கரும் நிறம். ஒரு சாம்பல கருப்புக்குப் பக்கத்துல வெச்சா வெளிச்சமா தெரியும், வெள்ளைக்குப் பக்கத்துல வெச்சா இருட்டா தெரியும், பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் 1839லயே இத விரிவா எழுதிட்டார். கரும் பின்னணில வெச்சு சரி பண்ண படம் வெள்ளை மார்ஜின் உள்ள பேப்பர்ல வர்றப்ப மங்கித்தான் தெரியும். அது போக மேட் பேப்பரோட கருப்பு பளபளப்புப் பேப்பர் கருப்பு அளவுக்கு ஆழமா போகாது, கீழ்ப் படிகள் எல்லாம் நெருக்கிட்டு நிக்கும், ஸ்க்ரீன்ல ரெண்டாவது படிக்கும் மூணாவது படிக்கும் இருக்கற வித்தியாசம் பேப்பர்ல கிட்டத்தட்ட கிடைக்கவே கிடைக்காது.

மானிட்டர இறக்கி, பின்னணிய வெள்ளையாக்கி, படத்தோட முக்கியமான ஒரு பட்டைய மட்டும் வெட்டி நாலஞ்சு வேற வேற வெளிச்ச அளவுல ஒரே தாள்ல போட்டுப் பாத்து, அதுல இருந்து ஒண்ணத் தேர்ந்தெடுத்து முழுசா போட்டாங்க. ரெண்டாவது சுத்து சரியா வந்துச்சு.

வேலை செய்யாத இடம்

இந்த மூணு டோன் முறை எல்லா இடத்துலயும் செல்லுபடியாகல, அத மறைக்காம எழுதணும். மேகம் மூடின ஒரு நாள் குன்றடில இருக்கற பாறைகள எடுக்கப் போனாங்க. நிழலே இல்லாத பரவலான வெளிச்சம், பாறை, காஞ்ச புல், மண் எல்லாம் நடுச் சாம்பல சுத்தி ஒரு ஸ்டாப்புக்குள்ள அடங்குது. நோட்டுல தீட்டினா முழுக் கட்டமும் ஒரே சாம்பல், ஒப்பந்தப்படி ஷட்டர அமுக்கக் கூடாது, திரும்பி வந்துட்டாங்க. இன்னொரு நாளும் அதே மாதிரி திரும்பினாங்க. எனக்கு அது உறுத்துச்சு, ஏன்னா அந்த இடத்தோட அழகே அந்த நெருக்கமான சாம்பல்லதான் இருக்கு, அங்க பெரிய இருட்டு வெளிச்சத் திட்டு தேடினா கிடைக்காது, பாறைல ஓடற வரிகளும் புல்லோட திசையும்தான் படத்தக் கட்டிப் புடிக்கணும். அப்ப ஒப்பந்தத்த மாத்திக்கிட்டோம், திட்டு பிரியலன்னா கோடு இருக்கான்னு பாக்கறது, ரெண்டும் இல்லன்னாத்தான் விடறது. எடிட்டிங்லயும் அந்த நாள் படங்கள கருப்பு வரைக்கும் வெள்ளை வரைக்கும் இழுக்காம சாம்பலாவே விட்டாங்க. எந்த டோன் எவ்வளவு இருக்குன்னு காட்டற ஹிஸ்டோகிராம் ரெண்டு ஓரத்தையும் தொடணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, மேகம் மூடின நாள் மேகம் மூடின நாளாத்தான் தெரியணும். அந்தத் தொகுப்புல எனக்கு ரொம்பப் புடிச்ச படம் இந்தப் பாறைப் படங்கள்ல ஒண்ணுதான்.

இன்னொரு பக்க விளைவு, எதிர் வெயில் பழகினதுக்கு அப்புறம் கொஞ்ச காலம் எல்லாப் படமும் நிழலுருவமாவே வர ஆரம்பிச்சுது, கருப்பு மரம் வெள்ளைப் பின்னணி, கருப்புக் கரை வெள்ளைத் தண்ணி. ஒவ்வொண்ணும் தனியா நல்லா இருக்கும், வரிசையா வெச்சா ஒரே படத்த திரும்பத் திரும்பப் பாக்கற மாதிரி இருக்கும். பக்கவாட்டு வெயிலுக்கு மாறச் சொன்னேன், அதுல மரம் பாதி வெளிச்சம் பாதி நிழல்னு உருண்டையா வந்துச்சு, நடுச் சாம்பலுக்கும் வேலை கிடைச்சுது.

முடிவா என்ன ஆச்சு

கலருக்குத் திரும்பினாங்க. அதுதான் அவங்களோட விருப்பம் ஆரம்பத்துல இருந்தே, கருப்பு வெள்ளை பரிசோதனைக்காக மட்டும்தான். திரும்பினப்ப சேச்சுரேஷன் ஸ்லைடர தொடறதே கிட்டத்தட்ட நின்னுடுச்சு, டோன்ல மரம் ஏற்கனவே பிரிஞ்சு நிக்கறதால நிறம் கத்தத் தேவையில்ல. செம்மண் குன்று மூட்டத்துக்குப் பின்னாடி வெளிறின ரோஜா நிறத்துல நிக்கற ஒரு படம் இருக்கு, பழைய படங்கள்ல அதே குன்று ஆரஞ்சா எரியும்.

பழைய ரா ஃபைல்களையும் திரும்ப எடுத்துப் பாத்தாங்க, சிலத காப்பாத்த முடிஞ்சுது, பெரும்பாலானத முடியல. 14 பிட் ராவுல ஒரு நிறச் சேனலுக்கு 16,384 வெளிச்ச அளவு இருக்கு, ஜேபெக்ல வெறும் 256, அதனால எவ்வளவோ இழுக்கலாம்தான், ஆனா மரம் குன்றுக்கு முன்னாடி எங்க நிக்குதுங்கறத எத்தன பிட் இருந்தாலும் மாத்த முடியாது. உச்சி வெயில்ல அந்த இடத்த எப்படி எடுக்கறதுன்னு இன்னும் தீரல, அந்த நேரத்துல அவங்க பெரும்பாலும் கேமராவ உள்ள வெச்சுட்டு அடுத்து எங்க நிக்கலாம்னு நடந்து பாக்கறாங்க. லென்ஸ் வாங்கல.

அடுத்தவங்களுக்கு இதையே பண்ணா மாத்த வேண்டியது

ப்ரிண்ட ஆரம்பத்துலயே கொண்டு வரணும். ஸ்க்ரீன்ல ஏமாந்த டோன் பேப்பர்ல தப்பிக்க முடியாது, சின்ன அளவுல விலை குறைஞ்ச தாள்ல போட்டாக்கூட போதும், முதல் வாரத்துலயே கண்ணு திருந்த ஆரம்பிச்சுடும், மானிட்டர் வெளிச்சமும் அப்பவே பிடிபட்டிருக்கும். ஷட்டர அமுக்கக் கூடாதுங்கற விதிய அவ்வளவு கடுமையா வைக்கத் தேவையில்ல, நோட்டுல திட்டு பிரியலன்னாலும் ஒரு படம் எடுத்து வெச்சுக்கிட்டா பின்னாடி ஒப்பிடறதுக்கு ஆதாரமா இருக்கும், மேகம் மூடின அந்த ரெண்டு நாளும் வீணாகாம இருந்திருக்கும். நோட்டுல டோனோட சேர்த்து சூரியன் எந்தப் பக்கம், மணி என்ன, மூட்டம் இருந்துச்சா இல்லையான்னும் ஒரு வரி எழுதணும், இவங்க இத பாதியில இருந்துதான் எழுத ஆரம்பிச்சாங்க, அந்தக் குறிப்புகள வெச்சுத்தான் இப்ப எந்த மாசம் எந்தக் கரைல நிக்கணும்னு முன்கூட்டியே திட்டம் போடறாங்க.